வேலையும் நிறமும் – 17: உள்ளே ஓர் உறவினர் வேண்டும்

1963 ஜூலை. புரூக்ளினில் டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தின் புதிய கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. பணம் நியூயார்க் மாநில அரசுடையது, அதாவது வரி கட்டிய எல்லோருடையதும். வேலைத்தளத்தின் வாசலில் கறுப்பின மக்கள் திரண்டு நின்றார்கள். சிமென்ட் லாரிகள் உள்ளே நுழையும் நேரம் பார்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள், சிலர் சக்கரத்துக்கு முன்னால் படுத்தார்கள். கிட்டத்தட்ட நான்கு வாரம் இது நடந்தது. கோர் என்ற இனச் சமத்துவப் பேரவையின் புரூக்ளின் கிளை தொடங்கி வைத்தது. பிறகு கார்ட்னர் டெய்லர், சாண்டி ரே போன்ற பெரிய தேவாலயப் போதகர்கள் தங்கள் சபையாரையே திரட்டிக்கொண்டு வந்தார்கள். 700 பேருக்கு மேல் கைதானார்கள்.

அவர்களுடைய கோரிக்கை எளிமையானது. இந்தக் கட்டிடத்தில் வேலை செய்பவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராகவோ புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். வாக்குரிமைக்காக, பள்ளிக்காக, பேருந்து இருக்கைக்காகத் தென் மாநிலங்களில் நடந்த போராட்டங்களை இத்தொடரில் பார்த்தோம். இங்கே கேட்கப்பட்டது கூலி. அதுவும் மண் சுமக்கும், தூசி கூட்டும் கூலியல்ல. அந்த வேலைகளில் கறுப்பினத்தவர் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். மின்கம்பி இழுப்பவர், தண்ணீர்க் குழாய் பதிப்பவர், இரும்புச் சட்டம் கோப்பவர், தகட்டில் காற்றுக் குழாய் அடிப்பவர் ஆகியோர் வாங்கும் கூலியில் பங்கு கேட்டார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று ஆளுநர் ராக்கஃபெல்லர் போதகர்களுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் கண்டிப்பாக அமலாகும் என்று வாக்குறுதி தந்தார். நான்கில் ஒருவர் என்ற எண்ணிக்கை அதில் இல்லை. தெருவில் படுத்துச் சிறைக்குப் போன இளைஞர்கள் தாங்கள் கைவிடப்பட்டதாகக் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானதுதான்.

இதே கோடையில் பிலடெல்பியாவிலும் ஹார்லெமிலும் அரசுப் பணத்தில் எழுந்த கட்டிடங்களின் வாசலில் மறியல் நடந்தது. எல்லா இடத்திலும் ஒப்பந்ததாரர் சொன்ன பதில் ஒன்றுதான்: “ஆள் எடுப்பது நானல்ல, சங்கம் அனுப்பும் ஆளைத்தான் வைத்துக்கொள்கிறேன்.” இது வெறும் சாக்கு அல்ல, பெரும்பாலும் உண்மை.

சென்ற பகுதியில் டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளைப் பார்த்தோம். அங்கே ஆள் எடுப்பது கம்பெனி. எடுத்த ஆள் எந்த நிறமானாலும் சங்கம் உறுப்பினராக்கிக்கொள்ளும். அதுதான் சங்கத்துக்குப் பலம். கட்டிடத் தொழிலில் எல்லாம் தலைகீழ். ஒரு கட்டிடம் முடிந்தால் வேலை முடிந்தது, முதலாளி மாறிவிடுவார். மாறாமல் இருப்பது சங்க அலுவலகம் மட்டும்தான். ஒப்பந்ததாரர் அங்கே தொலைபேசியில் சொல்வார், அவர்கள் ஆள் அனுப்புவார்கள். சங்க அட்டை இல்லாதவனுக்குப் பெரிய வேலைத்தளத்தில் இடமில்லை. சங்க அட்டை வேண்டுமென்றால் நான்கு, ஐந்து வருடம் அப்ரண்டிஸாக இருந்து முடிக்க வேண்டும். யாரை அப்ரண்டிஸாக எடுப்பது என்பதைச் சங்கமும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்த கூட்டுக் குழு முடிவு செய்யும். பெயரளவில் இரு தரப்பு. நடைமுறையில் சங்கத்தின் சொல்லே எடுபட்டது.

அப்ரண்டிஸ் பயிற்சி அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகத் தகட்டு வேலையையே எடுத்துக்கொள்கிறேன். பெரிய கட்டிடத்தில் குளிர்காற்று போகும் குழாய், நாம் டக்ட் என்கிறோமே, ஓரிடத்தில் சதுரமாக வரும், அடுத்த இடத்தில் வட்டமாக மாற வேண்டும். அந்த இணைப்புத் துண்டு கடையில் கிடைக்காது. தட்டையான தகட்டின் மேல் அதை முதலில் கோடாகப் போட வேண்டும். சதுரத்தின் நான்கு மூலையிலிருந்தும் வட்டத்தின் விளிம்புக்கு முக்கோணம் முக்கோணமாக அளவெடுத்து, ஒவ்வொரு கோட்டின் உண்மையான நீளத்தையும் கணக்குப் போட்டு, மடிப்புக்கும் பூட்டுக்கும் எவ்வளவு கூடுதலாக விட வேண்டும் என்று சேர்த்து வரைய வேண்டும். பிறகு கத்திரியால் வெட்டி, மடிப்பு இயந்திரத்தில் கொடுத்து வளைத்து, ஓரத்தைச் சுத்தியலால் பூட்டினால் இரண்டு வாயும் கச்சிதமாக உட்கார வேண்டும். கால் அங்குலம் தப்பினால் தகடும் போச்சு, அரை நாளும் போச்சு. இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்து, தப்பு செய்து, திட்டு வாங்கிக் கற்க வேண்டும். அப்ரண்டிஸுக்கு அந்த வருடங்களில் சம்பளமும் உண்டு, கட்டம் கட்டமாக உயரும். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த ஒரு பையன், கடன் வாங்கிக் கல்லூரிக்குப் போகாமலேயே வீடு வாங்கும் அளவுக்குச் சம்பாதிக்க அமெரிக்காவில் இருந்த வழி இது.

அந்த வழியில் யார் நுழைந்தார்கள்?

நியூயார்க் நகரத்தின் தகட்டுத் தொழிலாளர் சங்கம், 28-ஆம் எண் கிளை. 1913-இல் தொடங்கப்பட்டபோதே அதன் தேசியச் சங்கத்தின் விதிப்படி அது ‘வெள்ளையர் கிளை’. கறுப்பினத்தவர் வேண்டுமானால் அதற்குக் கீழ்ப்பட்ட துணைக் கிளை ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று விதி சொன்னது. 1946-இல் அந்த வரிகளைத் தேசியச் சங்கம் நீக்கிவிட்டது. விதி போயிற்று, வழக்கம் போகவில்லை. 1964-இல் நியூயார்க் மாநில மனித உரிமை ஆணையம் விசாரித்தபோது, சுமார் 3,300 பேர் இருந்த அந்தக் கிளையில் அதன் வரலாறு முழுவதிலும் ஒரு கறுப்பின உறுப்பினர் இல்லை, ஒரு கறுப்பின அப்ரண்டிஸும் இல்லை. காரணத்தையும் ஆணையம் எழுதி வைத்தது: உள்ளே இருக்கும் உறுப்பினர் ஒருவர் சிபாரிசு செய்தால்தான் வெளியே இருப்பவர் வர முடியும், சிபாரிசு மகனுக்கும் மருமகனுக்கும் தம்பி பிள்ளைக்கும் போனது. உள்ளே ஒரு கறுப்பினத்தவரும் இல்லாதபோது வெளியே இருக்கும் கறுப்பினப் பையனுக்கு யார் சிபாரிசு செய்வார்? 1913-இல் போட்ட பூட்டு, சாவியைத் தூக்கிப் போட்ட பிறகும் பூட்டியே கிடந்தது இப்படித்தான்.

சங்கத்துக்காரர்களின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். அவர்கள் 1930-களின் பட்டினியைப் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களின் பிள்ளைகள். கட்டிட வேலை மழையில் நிற்கும், பனியில் நிற்கும், பொருளாதாரம் தும்மினால் முதலில் நிற்கும். ஆள் பெருகினால் கூலி விழும். அதனால் வாசலைக் குறுக்கி வைத்தார்கள். கையில் சொத்து இல்லாத தகப்பன் தன் மகனுக்கு விட்டுப்போகக்கூடிய ஒரே சொத்து தன் தொழில் என்று நம்பினார்கள். இந்தத் தொடரைத் தொழிற்சங்கத்தின் பக்கம் நின்றுதான் எழுதி வருகிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொத்து அரசுப் பணத்தில், அரசுக் கட்டிடத்தில், சட்டம் தந்த பேரம் பேசும் உரிமையால் உருவானது. அதை ஒரு இனத்தின் குடும்பச் சொத்தாக எழுதி வைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனி பிராங்க்ஸில் வளர்ந்த பிளம்பர், பிளம்பரின் மகன். உறங்கும் ரயில் பெட்டிப் பணியாளர் சங்கத்தை எழுப்பிய ஏ. பிலிப் ராண்டால்ஃபை முன்பே சந்தித்தோம். 1959-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பாகுபாடு காட்டும் சங்கங்களை வெளியேற்றச் சொல்லி ராண்டால்ஃப் எழுந்தபோது, அமெரிக்காவின் கறுப்பினத்தவர் எல்லோருக்கும் உம்மைக் காவலராக நியமித்தது யார் என்று மீனி சீறினார். அப்போது ராண்டால்ஃபுக்கு எழுபது வயது. 1964-இல் பிராங்க்ஸ் மொத்தச் சந்தைக் கட்டிடத்தில் ஒரு கறுப்பினத்தவரும் மூன்று புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் பிளம்பர் வேலைக்கு வந்ததும், மீனியின் தாய்க் கிளையான 2-ஆம் எண் பிளம்பர் சங்கத்தார் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்கள். அந்த நால்வரும் சங்க உறுப்பினர்கள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மீனி வெளிப்படையாகத் தன் சங்கத்தாருக்காக வாதாடினார். சங்கத்தில் சேர விடாமல் தடுத்துவிட்டு, சங்கத்தில் இல்லை என்று வேலையைத் தடுக்கிறார்கள் என்ற எதிர்வாதத்துக்கு அவரிடம் நேரான பதில் இருக்கவில்லை.

நியூயார்க்கின் எல்லாச் சங்கங்களும் இப்படி இருந்துவிடவில்லை. மின் தொழிலாளரின் 3-ஆம் எண் கிளைக்குத் தலைமை தாங்கிய ஹாரி வான் ஆர்ஸ்டேல், 1962-இல் வேலைநிறுத்தம் செய்து வாரத்துக்கு 25 மணி நேர வேலை என்ற ஒப்பந்தத்தை வென்றார். வேலை நேரம் குறைந்ததும் ஆள் தேவை கூடியது. அவர் சுமார் ஆயிரம் அப்ரண்டிஸ்களை எடுத்தார். அவர்களில் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவருடைய உறுப்பினர்கள் பலர் முணுமுணுத்தார்கள். கூலி விழவில்லை, சங்கமும் சரியவில்லை. தலைமைக்கு மனம் இருந்தால் முடியும் என்பதற்கு 28-ஆம் கிளைக்குக் கூப்பிடு தூரத்திலேயே சாட்சி இருந்தது.

1964-ஆம் வருடத்துக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, அப்ரண்டிஸ் பயிற்சியில் நிறம் பார்ப்பதைத் தனியாகப் பெயர் சொல்லித் தடை செய்தது. அதே வருடம் மாநில நீதிபதி ஜேக்கப் மார்க்கோவிட்ஸ், சிபாரிசு முறையை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான தேர்வு வைத்து ஆள் எடுக்கும்படி 28-ஆம் கிளைக்கு உத்தரவிட்டார். உத்தரவு வந்துவிட்டது. ஆனால் புரூக்ளினின் கறுப்பினப் பகுதியான பெட்ஃபோர்டு-ஸ்டைவெசன்டில் வளர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்தத் தேர்வு எப்போது, எங்கே, எதைப் படிப்பது என்று யார் சொல்வது? அவன் வீட்டில், தெருவில், பள்ளியில் ஒரு தகட்டுத் தொழிலாளியைக்கூட அவன் பார்த்ததில்லை. சட்டம் எட்டாத இடம் இதுதான்.

அந்த இடத்துக்கு நடந்து போனவர்கள் தொழிலாளர் பாதுகாப்பு லீக் என்ற சிறிய அமைப்பினர். 1930-களின் சோஷலிஸ்டுகள் தொடங்கிய இந்த அமைப்பு, ராண்டால்ஃப், உரிமைப் போராளி பேயர்ட் ரஸ்டின் ஆகியோரின் துணையோடு அப்ரண்டிஸ் திட்டம் ஒன்றைப் புரூக்ளினில் தொடங்கியது. டென்னிஸ் டெரிக், எர்னஸ்ட் கிரீன் என்ற இரண்டு இளைஞர்கள் அதை நடத்தினார்கள். எர்னஸ்ட் கிரீனை இத்தொடரின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1957-இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், ராணுவக் காவலோடு வெள்ளையர் பள்ளிக்குள் போன ஒன்பது பிள்ளைகளில் இறுதி வகுப்பில் இருந்த ஒரே மாணவர். அடுத்த வருடம் அந்தப் பள்ளியில் பட்டயம் பெற்ற முதல் கறுப்பின மாணவர். பள்ளிக் கதவைத் திறந்தவர் தொழில் கதவுக்கு வந்து நின்றார்.

அவர்கள் செய்ததில் வீரச் செயல் எதுவும் இல்லை. எல்லாம் பொறுமையான சில்லறை வேலை. விண்ணப்பம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. தெற்கில் ஏதோ ஒரு மாவட்ட அலுவலகத்தில் கிடக்கும் பிறப்புச் சான்றிதழை எழுதி வரவழைப்பது. பள்ளி மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சான்று என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் அலைவது. பின்னம், வடிவியல், மடித்த தகட்டின் படத்தைப் பார்த்து விரித்தால் எப்படியிருக்கும் என்று சொல்லும் கேள்விகள் எல்லாவற்றையும் மாலையில் வாரக்கணக்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது. நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று ஒத்திகை பார்ப்பது. ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு அவன் சித்தப்பா சாப்பாட்டு மேசையில் செய்துகொடுத்ததை இவர்கள் ஓர் அலுவலகம் போட்டுச் செய்தார்கள்.

1966 நவம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகம் நடத்திய தகட்டுத் தொழிலாளர் தேர்வில் இவர்கள் தயார் செய்த பையன்கள் எழுதினார்கள். முடிவு வந்தபோது, பட்டியலின் உச்சியில் கறுப்பின இளைஞர்கள் நின்றார்கள். சங்கம் அந்த முடிவை ஏற்க மறுத்தது. தனிப் பயிற்சி பெற்று எழுதியது நியாயமில்லை, இவ்வளவு மதிப்பெண் வந்திருக்க வழியில்லை என்றார்கள். விவகாரம் மீண்டும் நீதிமன்றம் போனது. தேர்வு முடிவை அப்படியே ஏற்று வரிசைப்படி எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

பல வருடம் கழித்து இன்னொரு வழக்கில் வெளிவந்த செய்தி இது: இதே கிளை, தன் உறுப்பினர்களின் உறவுக்காரப் பிள்ளைகள் அதே தேர்வுக்குத் தயாராகச் சங்கப் பணத்திலேயே தனி வகுப்பு நடத்தியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

புரூக்ளினில் தொடங்கிய திட்டம் மத்தியத் தொழிலாளர் துறையின் நிதியோடு வேறு பல நகரங்களுக்குப் பரவியது. எர்னஸ்ட் கிரீன் 1968-இலிருந்து அதற்குத் தலைவர். 1977-இல் ஜனாதிபதி கார்ட்டர் அவரைத் தொழிலாளர் துறையின் உதவிச் செயலாளராக நியமித்தார், வேலைவாய்ப்பும் பயிற்சியும் அவர் பொறுப்பில் வந்தன. அவர் காலத்தில்தான், 1978-இல், அப்ரண்டிஸ் விதிகளில் பெண்களுக்கும் இலக்கு சேர்க்கப்பட்டது. பின்னர் ரீகன் ஆட்சியில் இத்தகைய திட்டங்களுக்கான நிதி வெட்டப்பட்டது.

28-ஆம் கிளைக்குத் திரும்புவோம். முதல் கறுப்பின உறுப்பினரை அது சேர்த்தது 1969-இல். 1971-இல் மத்திய அரசே வழக்குத் தொடர்ந்தது. விசாரணையில் வெளிவந்த தந்திரங்களைப் படித்தால் தலை சுற்றும். நகரத்தில் கட்டிட வேலை பெருகி ஆள் பற்றாக்குறை வந்தபோது, தேர்வு வைத்துப் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக ஓய்வு பெற்ற கிழவர்களைத் திரும்ப அழைத்தார்கள். வேறு ஊர்க் கிளைகளின் தொழிலாளர்களுக்குத் தற்காலிக அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். அதில் ஒருவர் மட்டுமே வெள்ளையர் அல்லாதவர். வெள்ளையர் அல்லாதவர் நிறைந்த பக்கத்துக் கிளையிடம் மட்டும் ஒருமுறைகூட ஆள் கேட்கவில்லை. 1974 ஜூலையில் மொத்த உறுப்பினர்களில் வெள்ளையர் அல்லாதவர் 3.19 விழுக்காடு.

1975-இல் நீதிபதி ஹென்றி வெர்க்கர் தீர்ப்பளித்தார். 1981 ஜூலைக்குள் உறுப்பினர்களில் 29 விழுக்காடு வெள்ளையர் அல்லாதவராக இருக்க வேண்டும். நகரத்தின் உழைப்பாளர்களில் அவர்களுக்கிருந்த பங்கை வைத்துப் போட்ட கணக்கு அது. 1982-இல் எண்ணிப் பார்த்தபோது 10.8 விழுக்காடு. இலக்கை எட்டாதது குற்றமாகக் கருதப்படவில்லை. எட்டக் கூடாது என்று வேலை செய்ததுதான் குற்றமானது. உறுப்பினர்களுக்கு வேலை நேரம் கூடிக்கொண்டே போக, அப்ரண்டிஸ் எண்ணிக்கையை மட்டும் சுருக்கி வைத்திருந்தார்கள். நீதிமன்ற அவமதிப்புக்காக 1,50,000 டாலர் அபராதம். அதை அரசுக் கஜானாவில் போடாமல், சிறுபான்மை இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் நிதியாக்கினார் வெர்க்கர்.

வழக்கு 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது நடந்ததுதான் என்னைத் திகைக்க வைப்பது. பதினைந்து வருடத்துக்கு முன் இந்த வழக்கைத் தொடுத்த மத்திய அரசு, ரீகனின் நீதித்துறை வாயிலாக, இந்த இலக்கு சட்டத்துக்கு முரணானது என்று வாதாடியது. தனித்தனியாகப் பாதிக்கப்பட்டவர் என்று நிரூபித்தவருக்கு மட்டுமே நிவாரணம் தரலாம் என்றது. விண்ணப்பிக்கவே வழியில்லாமல் வாசலுக்கு வராமல் போன ஆயிரக்கணக்கானவர்கள் எந்த நிரூபணத்தைக் கொண்டு வருவார்கள்? தீர்ப்பைக் காப்பாற்ற நின்றவர்கள் நியூயார்க் நகரமும் மாநிலமும். ஜூலை 2 அன்று, ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில், 29 விழுக்காட்டு இலக்கு தப்பியது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். தொழிற்சங்கத் தலைவராக இருந்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் மகன்.

உச்ச நீதிமன்றத்தோடு வழக்கு முடியவில்லை. உள்ளே வந்துவிட்டவர்களுக்கு அடுத்த சுவர் காத்திருந்தது. அட்டை கிடைத்தாலும் வேலைக்கு அனுப்பும்போது மேஸ்திரிக்குத் தெரிந்தவன், சொந்தக்காரன் என்று பார்த்தே அனுப்பினார்கள். அப்ரண்டிஸ் முடித்து, அதே சந்தா கட்டி, அதே தகட்டை அதே அளவில் வெட்டத் தெரிந்த கறுப்பின, லத்தீன் தொழிலாளிக்கு வருடக் கடைசியில் கிடைத்த வேலை மணி நேரம் வெள்ளைத் தொழிலாளியைவிடக் குறைவு. மணிக் கூலி சமம்தான். மணி குறைந்தால் வருமானம் குறையும், சங்கத்தின் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வேலை செய்த மணிக் கணக்கில் நிற்பதால் அவையும் குறையும். 1991-லிருந்து 2006 வரை இப்படி இழந்த கூலிக்காக 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சங்கம் ஒப்புக்கொண்டது 2015-இல். மனித உரிமை ஆணையம் அந்தக் கிளையின் கதவைத் தட்டி 51 வருடம் கழித்து.

ஒரு நகரத்தில் ஒரு கிளைச் சங்கத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது என்றால், நாடு முழுவதும் இருந்த கட்டிடச் சங்கங்களுக்கு ஒவ்வொன்றாக வழக்குப் போட்டு எந்த நூற்றாண்டில் முடிப்பது? 1969-இல் தொழிலாளர் துறை உதவிச் செயலாளராக வந்த ஆர்தர் ஃபிளெட்சர் என்ற கறுப்பினத்தவர் இந்தக் கேள்வியில்தான் தொடங்கினார். நீதிமன்றத்தை விட்டுவிட்டு, அரசு டெண்டரிலேயே நிபந்தனை போடலாம் என்பது அவர் திட்டம். பிலடெல்பியாவில் அது என்ன ஆனது, அடுத்த வருடமே இரும்புத் தொப்பி போட்ட தொழிலாளர்கள் நியூயார்க் தெருவில் மாணவர்களை அடித்துத் துரத்தியதும் ஜனாதிபதி நிக்சன் ஏன் மனம் மாறினார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)